கட்ச்சில் எட்டு நாளும் ஐந்து மீட்டர் துணியும்

ஜனவரி 8, 2025, புதன். புஜ்

காலை ஆறரைக்கு ரயிலை விட்டு இறங்கினால் நடுராத்திரி போல இருட்டு. குஜராத்தின் கட்ச் மாவட்டம் இந்தியாவின் மேற்குக் கோடியில் இருக்கிறது. ஜனவரியில் ஏழரை மணி நெருங்கித்தான் இங்கே பொழுது விடிகிறது. சென்னையிலிருந்து கொண்டுவந்த ஒரே ஸ்வெட்டர் இந்தக் குளிருக்குப் போதவில்லை. ஸ்டேஷன் வாசல் கடையில் டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். இஞ்சியும் புதினாவும் தட்டிப் போட்ட டீ, 10 ரூபாய். கடைக்காரர் என் பையை ஒரு கையால் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "உள்ள என்ன கல்லா, பென்?" என்று கேட்டார். இங்கே பெண்களை "பென்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அக்கா, தங்கை இரண்டுக்கும் அதே சொல்தான்.

பையில் இருந்தவை மூன்று தேக்கு அச்சுக்கட்டைகள். காந்திநகர் பக்கத்தில் இருக்கும் பேதாப்பூர், தலைமுறை தலைமுறையாக அச்சுக்கட்டை செதுக்குகிற ஊர். என் வரைபடத்தை அங்கே அனுப்பி, வருகிற வழியில் வாங்கிக்கொண்டேன். பதினான்கு வருடமாகத் துணி வடிவமைப்பு சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் அஜ்ரக் பற்றி, அதாவது கட்டையால் அச்சடித்து இயற்கைச் சாயம் ஏற்றுகிற கட்ச் துணியைப் பற்றி, இரண்டு வகுப்பு எடுப்பேன். ஆனால் ஈரமான அஜ்ரக் துணியை ஒருமுறைகூடக் கையில் பிடித்ததில்லை. அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. கட்ச்சின் உப்புப் பாலைவனமான வெள்ளை ரண்ணின் உப்புப் பாளக் கோடுகளை வைத்து, ஐந்து மீட்டர் துணி ஒன்றை என் கையாலேயே அச்சடிக்க வேண்டும் என்றுதான் பொங்கல் விடுமுறையோடு இன்னும் சில நாள் சேர்த்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மதியம் ஆயினா மகால். 18ஆம் நூற்றாண்டில் கட்ச் மன்னர் ராவ் லக்பத்ஜி காலத்தில் ராம்சிங் மாலம் என்ற கலைஞர் கட்டியது. கடலில் கப்பல் உடைந்து, டச்சுக்காரர்கள் கரையேற்றி, ஹாலந்தில் பதினெட்டு வருடம் இருந்து கண்ணாடி, ஓடு, கடிகாரம், எனாமல் வேலையெல்லாம் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினாராம். சுவரெல்லாம் கண்ணாடி, தரையெல்லாம் நீலமும் வெள்ளையுமாக ஓடு. அந்த ஓடுகளின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன். டச்சு ஓட்டின் சாயல்தான், ஆனால் கோடு கட்ச் கையின் கோடு. வெளியூரில் கற்றதை எந்தக் கைக்குக் கொண்டுவருகிறோம் என்பதை மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் கிடையாது. 2001 பூகம்பத்தில் மகாலின் ஒரு பகுதி இடிந்துபோனது. நல்லவேளையாக இந்த அறைகள் தப்பியிருக்கின்றன.

இரவு தபேலி. மாண்ட்வியில் பிறந்த தின்பண்டம். உருளைக்கிழங்கு மசாலா, புளிச் சட்னி, மாதுளை முத்து, மசாலாக் கடலை எல்லாவற்றையும் பன்னுக்குள் அடைத்துத் தோசைக்கல்லில் சூடாக்கித் தருகிறார்கள். ஒன்று 25 ரூபாய். இரண்டு சாப்பிட்டேன்.

ஜனவரி 9, வியாழன். அஜ்ரக்பூர்

புஜ்ஜிலிருந்து கிழக்கே அரை மணி நேரம், ஆட்டோவுக்கு 250 ரூபாய். ஊரின் பெயரே தொழிலின் பெயர். ஊருக்கு இன்னும் கால் நூற்றாண்டு வயதுகூட ஆகவில்லை. கத்ரி குடும்பங்கள் நானூறு வருடத்துக்கு மேலாக இருந்தது தமட்கா என்ற ஊரில். சிந்துவிலிருந்து வந்த சாயக்காரர்கள் அவர்கள். சரண் ஆற்றங்கரை என்பதால் அங்கே குடியேறினார்களாம். ஆறு வற்றியது. பிறகு 2001 ஜனவரி 26, காலை 8:46. அந்தக் காலையைப் பற்றி, நான் தங்கிப் பழகிய பட்டறையின் பெரியவர் இரண்டே வாக்கியம்தான் சொன்னார்: "வீடு போச்சு, ஆள் போச்சு. மிச்சம் இருந்த தண்ணியும் கெட்டுப்போச்சு." பூகம்பத்துக்குப் பிறகு தமட்காவின் நிலத்தடி நீரில் இரும்பு கூடிவிட்டது. இரும்பு கூடினால் சிவப்பு மங்கும், வெள்ளை பழுப்பாகும். அதனால் பாதிப் பேர் கிளம்பிவந்து இந்த ஊரை உண்டாக்கினார்கள்.

பெரியவரை நான் "சாச்சா" என்று கூப்பிட்டேன், அவர் என்னை "டீச்சர் பென்" என்றார். அறுபத்தைந்து வயது இருக்கும். நகக்கண்ணில் நீலம் நிரந்தரமாகத் தங்கிவிட்ட விரல்கள்.

முதலில் பட்டறையைச் சுற்றிக் காட்டினார். முழு அஜ்ரக்குக்குப் பதினாறு கட்டம், மூன்று வாரம். ஒட்டகச் சாணம், சோடா, ஆமணக்கு எண்ணெய் கலந்த தண்ணீரில் துணியை ஊறவைத்துப் பிசைந்து காயப்போடுவதில் தொடங்குகிறது. பிறகு கடுக்காய்த் தண்ணீர். துணி கரும்புச்சாறு போல மஞ்சளாகிவிடும். அதற்கு மேல் சுண்ணாம்பும் கருவேலம் பிசினும் கலந்த குழம்பால் அச்சு. அந்தக் கோடு கடைசிவரை வெள்ளையாகவே இருக்கும். கருப்புக்கு, பழைய இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் பீப்பாயில் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்கவைத்த நீர். அதைப் புளியங்கொட்டை மாவு போட்டுக் காய்ச்சிக் கெட்டியாக்குகிறார்கள். சிவப்புக்குப் படிகாரம், கடைசியில் மஞ்சிட்டியில் கொதி. நீலத்துக்கு அவுரி. எல்லாமே எங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற பெயர்கள். ஒவ்வொன்றாக நான் தமிழில் சொல்லச் சொல்ல, சாச்சாவின் பேரன் கட்ச்சி மொழியில் திருப்பிச் சொன்னான்.

அவுரித் தொட்டி பக்கம் போனபோது சுவரோரம் ஒரு சாக்கு சாய்ந்திருந்தது. அதில் தமிழில் "திண்டிவனம்" என்று எழுதியிருந்தது. அவுரிக் கட்டிகள் அங்கிருந்துதான் வருகின்றன என்றார் சாச்சா. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்தில் இருக்கிற ஊர். நான் ஒருமுறைகூட அங்கே சாயத்தொட்டி பார்க்கப் போனதில்லை. சாக்கின் முன்னால் நின்று அதை யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு என் கட்டைகளைக் காட்டினேன். சாச்சா கட்டையைத் திருப்பி, நாலு ஓரத்தையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பழைய துணி ஒன்றில் சுண்ணாம்புக் குழம்பால் நாலு முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடித்தார். ஒரு கட்டையின் கோடு அடுத்த கட்டையின் கோட்டைத் தொடவில்லை. அரை அரிசி அளவுக்கு விலகியிருந்தது. ஐந்து மீட்டரில் அந்த அரை அரிசி முந்நூறு இடத்தில் வரும்.

"செதுக்கினவர் தப்பு இல்ல," என்றார். "வரைஞ்சவர் கட்டையோட பக்கத்து வீட்டைப் பார்க்கல."

வரைந்தது நான்தான். திரையில் சரியாகத்தான் தெரிந்தது. இன்னொன்றும் கேட்டார்: "ரண்ணைப் பார்த்துட்டு வரைஞ்சீங்களா, படத்தைப் பார்த்தா?" படத்தைப் பார்த்துத்தான் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "சாப்பிடலாம் வாங்க" என்று எழுந்தார்.

கம்பு ரொட்டி, சுட்டு மசித்த கத்தரிக்காய், பூண்டுச் சட்னி, வெண்ணெய், ஒரு கட்டி வெல்லம், பெரிய லோட்டா மோர். வீட்டுப் பெண்கள் என் தட்டு காலியாகவே விடவில்லை. விருந்தாளி போதும் என்று கையை வைத்து மறைத்தாலும், விரலிடுக்கில் வெண்ணெய் விழுகிறது.

மாலையில், கடுக்காய் ஏற்றித் தயாராக வைத்திருந்த ஐந்து மீட்டர் துணியை எனக்கு ஒதுக்கித் தந்தார்கள். எங்கே எது வர வேண்டும் என்று காகிதத்தில் வெட்டி, ஒரு மீட்டருக்கு மட்டும் ஊக்குக் குத்தி அளவு பார்த்துத் திண்ணையிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

ஜனவரி 10, வெள்ளி

ஊக்குகள் துருப்பிடித்தவை. என் தையல் டப்பாவில் எத்தனையோ மழைக்காலம் கிடந்தவை. ராத்திரி பனி இறங்கியிருந்தது. காலையில் போய்க் காகிதத்தை எடுத்தால், மஞ்சள் துணியில் ஒன்பது கருப்புப் பொட்டு. ஒவ்வொன்றையும் சுற்றி மை ஊறினது போல ஒரு வளையம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கருப்பு என்று நேற்று மதியம்தான் நோட்டில் எழுதியிருந்தேன். பதினான்கு வருடமாகக் கரும்பலகையிலும் எழுதியிருக்கிறேன். தெரிந்த விஷயம் ஊக்கு குத்துகிற கைக்குப் போய்ச் சேரவில்லை.

சாச்சா திட்டவில்லை. பொட்டின்மேல் விரல் வைத்து, "நம்ம கருப்பு இதேதான், பென். பீப்பாய்ல மூணு வாரம் நடக்கிறது இங்க ஒரு ராத்திரியில நடந்திருக்கு" என்றார். பேரன் எலுமிச்சம்பழம் நறுக்கிவந்து தேய்த்தான். கருப்பு போனது. ஆனால் கூடவே கடுக்காயின் மஞ்சளும் போய், காசு அளவு வெளிறிய வட்டங்கள் நின்றன. இனி அந்த இடத்தில் படிகாரம் சரியாகப் பிடிக்காது, சிவப்பும் ஏறாது. அந்த ஒரு மீட்டரை வெட்டி எடுத்துவிட்டோம். ஐந்து மீட்டர் நாலு மீட்டர் ஆனது. துணிக்கு நான் பணம் கொடுக்கப் போனேன். "முதல் துணி எல்லாருக்கும் கெடும்" என்று சாச்சா கையைத் தள்ளிவிட்டார்.

வெள்ளிக்கிழமை, மதியம் தொழுகைக்குப் பட்டறை நின்றது. நான் ஊர் ஓரத்தில் இருக்கும் எல்.எல்.டி.சி. (லிவிங் அண்ட் லேர்னிங் டிசைன் சென்டர்) அருங்காட்சியகத்துக்கு நடந்தேன். 1969இல் சந்தாபென் ஷ்ராஃப் தொடங்கிய ஷ்ருஜன் அமைப்பு 2016இல் திறந்தது. கட்ச்சின் பூத்தையல் வகைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கின்றன. சூஃப் என்று ஒன்று. வரைவதே இல்லை, துணியின் பின்பக்கத்திலிருந்து நூலை எண்ணி எண்ணித் தைக்கிறார்கள். முன்பக்கம் முக்கோணம் முக்கோணமாக எழும்புகிறது. அதன் முன் நின்றபோது, திரையில் வரைந்த என் கோடுகள் நினைவுக்கு வந்தன. இந்தப் பெண்களுக்குப் பக்கத்து வீடு எங்கே என்று எண்ணிக்கையே சொல்லிவிடுகிறது.

ஜனவரி 11, சனி

நாள் முழுக்கச் சுண்ணாம்புக் குழம்பால் பழைய துணியில் பழக்கம். குழம்புத் தட்டில் கட்டையை ஒற்றி, துணியில் வைத்து, மேலே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒரு தட்டு. சத்தம் மந்தமாக வந்தால் சரி, பட்டென்று வந்தால் குழம்பு போதவில்லை. சாச்சா முகத்தைத் திருப்பாமல் காதாலேயே என் பிழையைப் பிடித்தார். சாயங்காலம் மணிக்கட்டு வீங்கி, டம்ளரைக்கூட இடது கையில்தான் தூக்க முடிந்தது. வீட்டுப் பாட்டி ஆமணக்கெண்ணெயைச் சூடாக்கித் தடவிவிட்டார். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

பேரன் வடிவமைப்புப் பள்ளியில் படித்தவன். கைவினைஞர்களுக்கென்றே ஜூடி ஃப்ரேட்டர் 2005இல் கலா ரக்ஷா வித்யாலயாவைத் தொடங்கினார், பிறகு சோமையா கலா வித்யா வந்தது. அங்கே முதல் பாடமே நிறம்தான். நிறத்தைப் புத்தகத்தில் தேடாமல் சொந்த ஊரின் மண்ணிலும் மரபிலும் தேட வைப்பார்களாம். "எங்க வயல்ல எத்தனை பழுப்பு இருக்குன்னு அன்னைக்குத்தான் பென் பார்த்தேன்" என்றான். அவனிடமிருந்து அந்தப் பாடத்திட்டத்தை ஒரு மணி நேரம் கேட்டு எழுதிக்கொண்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு. தோலாவிரா

இரண்டு நாளைக்குக் கார், 9,000 ரூபாய். ஓட்டுநர் பன்னி என்ற புல்வெளிப் பகுதியைச் சேர்ந்தவர், எருமை வளர்க்கிற குடும்பம். புஜ்ஜைத் தாண்டினால் சாலையின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ராமநாதபுரத்துக்கு வந்துவிட்டோமோ என்றிருந்தது. இங்கே இதற்கு "காண்டோ பாவள்" என்று பெயர், பைத்தியக்கார வேலமரம். உப்பு நிலம் பரவாமல் தடுக்க 1961இல் வனத்துறை நட்டது, பரவியது மரம்தான். "எருமை இதோட காயைத் தின்னும், இலையைத் தொடாது. புல்லுக்கு இடமே இல்லாம பண்ணிடுச்சு" என்றார் ஓட்டுநர். எங்கள் பக்கத்திலும் இதே கதைதான் என்றேன். அதன்பிறகு அவர் என்னை வெளியூர்க்காரியாக நினைக்கவில்லை. வழி நெடுக வீட்டுக் கதை சொல்லிக்கொண்டே வந்தார்.

பிரண்டியாராவில் பால்கோவாவுக்கு நிறுத்தினோம். 100 கிராம் 50 ரூபாய், இன்னும் சூடு. எருமைப்பாலைச் சுண்டக் காய்ச்சி, மணல் மணலாக.

காவ்டாவைத் தாண்டியதும் புதிய சாலை ரண்ணின் நடுவே நேராகப் போகிறது. இடமும் வலமும் வெள்ளை. நான் இறங்க வேண்டும் என்றேன். "நாளைக்கு நல்லா பாருங்க, இன்னைக்கு ஊர் பெரிசு" என்று ஓட்டுநர் நிறுத்தவில்லை. அவர் சொன்னது சரிதான்.

தோலாவிரா 1960களின் கடைசியில் ஜே.பி. ஜோஷியால் அடையாளம் காணப்பட்டது. 1990 முதல் ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் தோண்டினார்கள். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. செங்கல்லைவிடக் கல் அதிகமாகப் பேசுகிற சிந்துவெளி நகரம். மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற மன்சர், மன்ஹர் என்ற இரண்டு ஓடைகளைத் தடுத்து, நகரைச் சுற்றி நீர்த்தேக்கங்களுக்குத் திருப்பியிருக்கிறார்கள். படிக்கட்டோடு பாறையில் வெட்டிய தொட்டிகள். தண்ணீர் வந்த வழியிலேயே நடந்தேன். நகரத்தின் வெளிச்சுவர் 771 மீட்டர் நீளம், 617 மீட்டர் அகலம். 5க்கு 4. கோட்டையிலும் அதே விகிதம்தான். வெயிலில் நின்று நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்துச் சிலிர்த்துப்போனேன். ஒரு கட்டையை நினைத்து ஒரு நகரத்தையே அச்சடித்தது போல.

வடக்கு வாசலில்தான், இன்னும் யாராலும் படிக்க முடியாத அந்தப் பத்து சிந்துவெளி எழுத்துகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் சுமார் 37 சென்டிமீட்டர் உயரம், ஜிப்சம் துண்டுகளைப் பலகையில் பதித்தவை. பலகை மக்கிப்போய், எழுத்துகள் விழுந்த நிலையிலேயே மண்ணில் கிடந்தன. ஆரமிட்ட சக்கரம் போன்ற குறி மட்டும் நாலு முறை வருகிறது. காவலில் இருந்தவர் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். சென்னை என்றதும் நிமிர்ந்தார். "உங்க முதலமைச்சர்தானே இதைப் படிக்கிறவங்களுக்குப் பத்து லட்சம் டாலர்னு சொல்லியிருக்கார்?" போன வாரம்தான் வந்த அறிவிப்பு, ரண்ணின் நடுவே இருக்கும் இந்தத் தீவுவரை வந்து சேர்ந்திருக்கிறது. ஐராவதம் மகாதேவன் 1977இல் தொகுத்த சிந்துவெளிக் குறியீட்டுத் தொகுப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்ன எழுதியிருந்தாலும் வாசல்ல எழுதியிருக்காங்க. உள்ள வர்றவங்களுக்குத்தான்" என்றார். நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

இரவு வட்டக் குடிசையில் தங்கல், 1,800 ரூபாய், சாப்பாட்டோடு. பூங்கா என்று பெயர், ஆனால் தோட்டம் இல்லை. மண் சுவர், கூம்புக் கூரை. மூலையே கிடையாது என்பதால் பூகம்பத்தில் இவை பெரும்பாலும் நின்றுவிட்டன என்றார்கள். உள்சுவரில் மண்ணும் சாணமும் பிசைந்து எழுப்பிய கோடுகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கண்ணாடிகள். ஒரு மெழுகுவத்தி ஏற்றினால் அறை முழுக்க ஐம்பது சுடர்.

ஜனவரி 13, திங்கள். வெள்ளை ரண், பௌர்ணமி

தோர்டோவில் நுழைவுச் சீட்டு 100 ரூபாய். பௌர்ணமி என்பதால் கூட்டம் சொல்லி மாளாது. ஒட்டக வண்டி, பாட்டு, விளக்கு. வருத்தமாக இருந்தது. ஓட்டுநர்தான், "ஒரு கிலோமீட்டர் நடங்க, யாரும் வரமாட்டாங்க" என்றார்.

நடந்தேன். கூட்டத்தின் சத்தம் முதலில் தேய்ந்தது, பிறகு இல்லை. காலடியில் மட்டும் நறுநறு.

மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா ஏறியது. உப்புக் கோடுகள் தரையோடு கிடக்கவில்லை, விரல் உயரத்துக்குப் புடைத்து நின்றன. சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொன்றுக்கும் நிழல். மண்டியிட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஓரத்தில் ஊசி ஊசியாகப் படிகம், சொரசொரப்பு. விரலை நாக்கில் வைத்தால் உப்புக்குப் பின்னால் ஒரு கசப்பு. நான் கட்டையில் கையகலத்துக்கு வரைந்த பாளம், இங்கே ஒரு கட்டில் அளவு. படத்தில் எல்லாம் மூடிய அறுகோணமாகத்தான் தெரிந்தது. நேரில் பாதிக் கோடுகள் மூடவே இல்லை. ஒரு கோடு ஓடிவந்து, தேய்ந்து, நின்றுவிடுகிறது. இரண்டு எட்டு தள்ளி இன்னொன்று தொடங்குகிறது. நடுவில் வெறும் உப்பு.

நோட்டில் அளவுகளைக் குறித்தேன். எனக்குத் தேவையானவை கோடுகள் நிற்கிற இடங்கள். இருபத்தெட்டு பாளங்களில் பதினேழு திறந்திருந்தன.

திரும்பும்போது பாதையை விட்டுச் சற்று விலகிவிட்டேன். மேலே உப்பு ஓடு, அடியில் சேறு. வலது கால் கணுக்கால்வரை இறங்கியது. இழுத்தால் செருப்பு உள்ளேயே. ராஜ்கோட்டிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் ஓடிவந்து, அந்த அப்பா சட்டைக் கையை மடித்து முழங்கைவரை சேற்றில் விட்டுச் செருப்பை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் காலில் ஊற்றினார். ஊர் பேர்கூட அப்புறம்தான் கேட்டுக்கொண்டோம். மழைக்காலத்தில் இந்த இடமெல்லாம் கடலும் ஆறும் வந்து நிற்கிற நீர். அக்டோபருக்கு மேல் காய்ந்து உப்பாகிறது. அடியில் ஈரம் போவதே இல்லை.

ஜனவரி 14, செவ்வாய். உத்தராயண்

அம்மா காலையிலேயே போன் செய்து, "பொங்கிடுச்சு" என்றார். இங்கே மொட்டை மாடி எல்லாவற்றிலும் பட்டம். சாலையோரக் கடைகளில் எள்ளுருண்டை, கடலை மிட்டாய், உந்தியு, ஜிலேபி. மாஞ்சா நூல் பறவைகளை அறுத்துவிடுகிறது. வழியில் ஒரு புறா இறக்கை தொங்கக் கிடந்தது. இரண்டு பையன்கள் அதை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு மருத்துவரைத் தேடிப் போனார்கள்.

பதினொரு மணிக்குப் பட்டறை. நோட்டை சாச்சாவிடம் காட்டி, கட்டைகளைத் தொடாமல் தள்ளித் தள்ளி அடிக்கலாமா என்று கேட்டேன். கோடு எங்கே நிற்கிறதோ அங்கே நிற்கட்டும், நடுவில் வெறும் நீலம் இருக்கட்டும். அவர் நோட்டில் இருந்த பதினேழு என்ற எண்ணைச் சுட்டி, "இது என்ன?" என்றார். சொன்னேன்.

"இப்ப பார்த்துட்டு வந்திருக்கீங்க," என்றார்.

ஆனால் அவர் விடவில்லை. வெறும் இடமும் கணக்கோடுதான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துணி உடம்பில் விழும்போது ஓட்டையாகத் தெரியும் என்றார். மேசையில் நூல் கட்டி, சுண்ணாம்பு தேய்த்துச் சுண்டினார். துணி முழுக்கக் கட்டம் விழுந்தது. 5க்கு 4 வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். தோலாவிராவின் கதையைக் கேட்டுவிட்டு, சரி என்றார். எந்தக் கட்டத்தில் அடிப்பது, எதில் விடுவது என்பதில் இரண்டு மணி நேரம் வாக்குவாதம். பேரன் என் பக்கம். கடைசியில் மூன்று கட்டத்துக்கு ஒன்று காலி என்று முடிவானது. நான் கேட்டது அதைவிட அதிகம். இப்போதும் நான் கேட்டதுதான் சரி என்று தோன்றுகிறது, ஆனால் துணி அவர் பட்டறையில் பிறக்கிறது.

நாலு மீட்டரையும் சுண்ணாம்புக் குழம்பால் நானே அடித்தேன். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் முடிந்தது.

ஜனவரி 15, புதன்

ஓரத்துக்குச் சாச்சாவின் தாத்தா காலத்துக் கட்டை. பிடி தேய்ந்து, அவருடைய உள்ளங்கைக் குழிவு அதில் விழுந்திருக்கிறது. இரும்புக் குழம்பால் கருப்பை அவரே அடித்தார். ஓரம் தவறினால் துணியே தவறு, அதை என் கையில் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டையை இறக்கும்போது அவர் துணியைப் பார்க்கவில்லை, விரலால் முந்தின அச்சின் ஓரத்தைத் தொட்டு வைத்தார். மதியம் சிவப்புக்குப் படிகாரக் குழம்பு, ஈரத்தின்மேல் காய்ந்த சாணப்பொடி தூவல். வெயிலில் தரையில் விரித்தோம்.

அவுரி, அலசல், மஞ்சிட்டிக் கொதி எல்லாம் இனிமேல்தான். அதற்கு நான் இருக்க முடியாது. "ஆஜ் கே தின் ரக்" என்பதுதான் அஜ்ரக் ஆனது என்று இங்கே சொல்வார்கள், இன்றைக்கு இப்படியே இருக்கட்டும் என்று. நீலம் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பதுதான் படித்தவர்கள் சொல்வது. சாச்சாவுக்கு இரண்டும் தெரியும், முதல் கதையைத்தான் பிடிக்கும்.

கூலியும் துணியும் சாயமும் சேர்த்து அவர் கேட்டது 6,500 ரூபாய். நான் கொடுத்ததை எண்ணிப் பார்த்து, கூடுதலாக இருந்ததைத் திருப்பிக் கையில் வைத்தார். பாட்டி நாலு கம்பு ரொட்டியும் வெல்லமும் கட்டிக்கொடுத்தார். ரயிலில் அதுதான் இரவுச் சாப்பாடு.

பிப்ரவரி 21, வெள்ளி. சென்னை

இன்று பார்சல் வந்தது. வகுப்பிலேயே பிரித்தேன். மஞ்சிட்டியும் அவுரியும் சேர்ந்த அந்த வாசம், ஈர மண் வாசம், அறை முழுக்கப் பரவியது. நாலு மீட்டரை நாலு பிள்ளைகள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆழ்ந்த நீலத்தில் வெள்ளைக் கோடு ஓடிவந்து நிற்கிறது, காலிக் கட்டம், மறுபடி தொடங்குகிறது. ஓரத்தில் கருப்பும் சிவப்பும் ஒரு மயிரிழை பிசகாமல். மூன்று கட்டத்துக்கு ஒன்று காலி என்பதுதான் சரி. துணியை மேசையில் தட்டையாக விரித்தால் நான் கேட்டது நன்றாக இருந்திருக்கும். மாணவி ஒருத்தி தோளில் போட்டுக் காட்டியபோது, சாச்சா சொன்னதுதான் நின்றது.

பெட்டியின் அடியில் இன்னொரு துணி மடித்து வைத்திருந்தது. நான் கெடுத்த அந்த ஒரு மீட்டர். அதையும் வீணாக்காமல், தாத்தா காலத்துக் கட்டையால் முழுக்க அடித்து, எல்லாக் கட்டத்தையும் கடத்தி அனுப்பியிருக்கிறார்கள். அடர்ந்த சிவப்பின் நடுவே ஒன்பது இடத்தில் வெளிறிய ரோஜா வட்டம்.

"மேடம், இது என்ன டிசைன்?" என்று கேட்டான் பின்வரிசைப் பையன். நான் மேசை இழுப்பறையைத் திறந்து ஊக்கு டப்பாவை எடுத்தேன். ஒரு கிண்ணத்தில் கடுக்காய்த் தண்ணீர் கலந்துவரச் சொன்னேன்.